டிவி இளைத்துப் போனதால்

எங்கள் ஊரில் குரோஷா என்ற கொக்கி ஊசிப் பின்னல் உடுப்பை முதன்முதலில் போட்டுக்கொண்டது பெண்களும் இல்லை, ஆண்களும் இல்லை. டிவி. அதற்கடுத்து ஃபிரிட்ஜ், மிக்ஸி, டெலிபோன். ஸ்டெபிலைசர் என்று ஒரு இரும்புப் பெட்டி உண்டு, கரண்ட் ஏறி இறங்கினால் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அதற்குக்கூட நான்கு மூலையிலும் மயில் வைத்த ஒரு மேலாடை இருந்தது. வீட்டு மனிதர்கள் பனியனோடும் நைட்டியோடும் உலவுவார்கள். மின்சாதனங்கள் மட்டும் மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பிய தோரணையில் உட்கார்ந்திருக்கும்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் சித்தி வீட்டு டிவி, சென்னையில் செய்த சொலிடேர். கறுப்பு வெள்ளை. அதற்குச் சித்தி பின்னிய கவர் முழு வெள்ளை, நாற்பதாம் நம்பர் நூல். நம்பர் ஏற ஏற நூல் மெலியும் என்பது குரோஷாக்காரர்களுக்குத் தெரியும். நாற்பது என்பது கண்ணாடி போடாத வயதில் மட்டும் தொடவேண்டிய நூல். கவர் மூன்று பக்கம் தொங்கும். முன்பக்கம் தொங்கிய அலை அலையான விளிம்புதான் வில்லங்கம். திரையின் மேல் கால்வாசியை அது தனக்கென்று வைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியில் எம்.ஜி.ஆர். தொப்பி போட்டிருக்கிறாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. செய்தி வாசிக்கும் ஷோபனா ரவியின் புடவையை ஊரே பேசும். சித்தி வீட்டில் புடவை முழுசாகத் தெரியும், பொட்டு தெரியாது. "கவரைக் கொஞ்சம் தூக்கி மேல போடு சித்தி" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "மடிப்புக் கலைஞ்சிடும். நெத்தியில என்னடி இருக்கப்போவுது, நெத்திதான் இருக்கும்."

சித்தி இதைக் கற்றது கன்னியாஸ்திரீகளிடம். புதுச்சேரியில் குரோஷா தெரிந்த எந்தப் பெண்மணியைப் பிடித்து விசாரித்தாலும் அந்த நூல் நேராகவோ சுற்றிக்கொண்டோ ஒரு மடத்துக்குப் போய்ச் சேரும். குளூனி புனித சூசையப்பர் சபையின் கன்னியாஸ்திரீகள் 1827-ல் இங்கே வந்தார்கள். ரோமேன் ரோலான் வீதியில் பழைய பிரெஞ்சு மாளிகை ஒன்றில் அவர்களுடைய எம்பிராய்டரிக் கூடம் இன்றும் நடக்கிறது. உயரமான தூண்கள், அகலமான தாழ்வாரம், அங்கே பெண்கள் குனிந்து உட்கார்ந்து மேசை விரிப்பில் பூ வைத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே முக்கியமாக ஊசியும் துணியும்தான். ஆனால் கன்னியாஸ்திரீகள் இருக்கும் இடத்தில் பீடத் துணிக்கு விளிம்பு பின்னத் தெரிந்த ஒருவராவது இல்லாமல் இருப்பாரா? சம்பா கோயில் பூசைக்குப் போய்விட்டு, பிரசங்கத்தைக் கவனிக்காமல் பீடத்து விரிப்பின் ஓரத்தில் எத்தனை கண்ணி என்று எண்ணிக்கொண்டிருந்த பெண்களை எனக்குத் தெரியும். சித்தி இந்துதான். ஆனாலும் கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் போவார், டிசைன் பார்க்க.

இதில் உலக வரலாறும் உண்டு. அயர்லாந்தில் 1845-ல் உருளைக்கிழங்குக்கு நோய் வந்து பஞ்சம் தலைவிரித்தாடியபோது, அங்கேயும் கன்னியாஸ்திரீகள்தான் பெண்கள் கையில் கொக்கி ஊசியைக் கொடுத்தார்கள். கார்க் நகருக்குப் பக்கத்தில் உர்சுலின் மடம் அதற்குப் பேர்போனது. ஊசியால் மாசக்கணக்கில் செய்யும் வெனிஸ் லேஸைக் கொக்கியால் வேகமாகச் செய்துவிடலாம் என்று கண்டார்கள். பணக்காரச் சீமாட்டிகளின் கழுத்துப் பட்டை ஐரிஷ்காரர்களின் அடுப்பை எரித்தது. அதே 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் ஆந்திராவில் கோதாவரி முகத்துவாரத்து நரசாப்பூரில் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த நரசாப்பூர் லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே கோதாவரிக் கரையில்தான் நம்ம ஏனாமும் இருக்கிறது. புதுச்சேரி அரசாங்கத்தின் ஒரு துண்டு, 800 கிலோமீட்டருக்கு அப்பால். ஆக, குரோஷா நமக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு என்று கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொள்ளலாம். ஊருக்குப் பெருமை சேர்க்க இதைவிட அதிகமாகச் சுற்றி வளைத்தவர்கள் உண்டு.

கதைக்கு வருவோம். 2010-க்கு முன்னும் பின்னுமாக எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் டிவி இளைக்க ஆரம்பித்தது. இரண்டு பேர் சேர்ந்து அணைத்துத் தூக்கவேண்டிய தொந்தி டிவி போய், தலையில் ஒரு தீப்பெட்டி வைக்கக்கூட இடமில்லாத தட்டை டிவி சுவரில் ஏறியது. அதற்கு எதைப் போர்த்துவது? டெலிபோன் சட்டைப் பைக்குள் போய்விட்டது. ஃபிரிட்ஜ் ஆளுயரம் வளர்ந்துவிட்டதால் அதன் உச்சியில் எதைப் போட்டாலும் பார்க்க ஆள் இல்லை. ஒரு தலைமுறைப் பெண்கள் மதியத் தூக்கத்தை விட்டுப் பின்னியதெல்லாம் ஒரே சமயத்தில் வேலையிழந்து, பீரோவின் அடித்தட்டில் பூச்சி உருண்டையோடு படுத்துக்கொண்டது. அப்படி நாதியற்றுக் கிடந்த பின்னல்களுக்கு வீட்டில் மிச்சமிருந்த ஒரே பருமனான பொருள் மனித உடம்பு.

இது என் சொந்தச் சித்தாந்தம். ஃபேஷன் படித்தவர்கள் எழுபதுகளின் ஹிப்பிகள், கோடைக்காலக் கடற்கரை உடை, கைவேலையின் மறுமலர்ச்சி என்று வேறு காரணங்கள் சொல்வார்கள். சொல்லட்டும். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே போய்ப் பாருங்கள். துமாஸ் வீதி, சுஃப்ரேன் வீதி, மஞ்சள் சுவர், காகிதப் பூ, கண்ணாடிக்குள் ஒரு பொம்மை. அந்தப் பொம்மை போட்டிருப்பது எனக்கு அட்சரம் பிசகாமல் தெரிந்த டிசைன். நடுவில் அன்னாசிப்பழம், சுற்றிலும் வலை, ஓரத்தில் சிப்பி. வாய்க்காலுக்கு மேற்கே அது வீட்டு ரேடியோவின் மேல் கிடந்தது. கிழக்கே வந்ததும் தோளில் ஏறி, விலைச் சீட்டு மாட்டிக்கொண்டு, தங்கும் விடுதிகளுக்கு வரும் பெங்களூர்ப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிறது.

அதைப் பார்த்துவிட்டு வந்த என் மகள் நேராகப் பீரோவின் அடித்தட்டைத் திறந்தாள். சொலிடேர் டிவியின் கவர் எங்கள் வீட்டுக்கு எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்துப் பின்னி, மேலே தோளுக்கு இரண்டு பட்டை வைத்து, கறுப்பு ஸ்லிப் ஒன்றை உள்ளே போட்டுக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாளுக்குக் கிளம்பிவிட்டாள். சித்தியும் அங்கே வருவார் என்பதால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சித்தி வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மகளைச் சுற்றி ஒரு வலம் வந்தார். கூடத்தில் பேச்சு நின்றது.

"சின்னாயா, நல்லா இருக்கா?" என்றாள் மகள்.

"எல்லாம் சரிதான். முன்னாடி வரவேண்டிய மயிலு பின்னாடி போயிருக்கு பாரு. நீ போட்டிருக்கறது டிவிக்குப் பின்பக்கம்."

அன்றிலிருந்து என் வீட்டில் குரோஷா உடுப்பு பற்றிய அனுபவ அறிவு வளர்ந்துகொண்டே போகிறது. வெளியே பேசுபவர்கள் அழகைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். ஓட்டை என்பது குரோஷாவின் குறை அல்ல, அதுதான் சரக்கு. நூல் என்பது ஓட்டையைச் சுற்றிப் போட்ட வேலி. ஆகவே உள்ளே என்ன போடுவது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வெளியே என்ன என்று யோசிக்கவேண்டும். உடம்பு நிறத்தில் ஸ்லிப் போட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு வீணான பதற்றம். கறுப்பு போட்டால் டிசைன் பளிச்சென்று தெரியும். வெள்ளை போட்டால் சலவை செய்த மேசை விரிப்பு நடந்து வருகிறது என்று நினைப்பார்கள்.

அடுத்தது ஈரம். பருத்தி நூல் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், கனம் கீழே இழுக்கும். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் கருங்கல் பாறைகளில் அலை மோதித் தெறிக்கும்போது போட்டோ எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே குரோஷா டாப் போட்டுக்கொண்டு நின்றால், இடுப்பளவு போனது முழங்காலளவு திரும்பி வரும். துணி வாங்கியதற்குமேல் லாபம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஹேங்கரில் மாட்டினாலும் இதே கதைதான், இரண்டு மாதத்தில் தோள்பட்டை இருந்த இடத்தில் கை இருக்கும். மடித்துத் தட்டில் வைக்கவேண்டும். துவைத்தால் முறுக்கிப் பிழியக்கூடாது, துண்டில் சுருட்டி அழுத்தி, பாயில் தட்டையாகப் பரப்பிக் காயவைக்கவேண்டும். மொட்டைமாடியில் அப்படிப் பரப்பினால் காக்கை வரும் என்பதைப் பாரிஸ் பத்திரிகைகளில் எழுத மாட்டார்கள்.

எதில் பின்னுவது என்பதும் முக்கியம். சித்தி தலைமுறைக்கு ஆங்கர் நூற்கண்டுதான். அதை விற்ற மதுரா கோட்ஸ், 1974-ல் நம்ம மதுரை மில்லும் ஸ்காட்லாந்தின் கோட்ஸ் கம்பெனியும் இணைந்து உருவானது. இப்போதைய பெண்கள் லூதியானாவிலிருந்து வரும் பட்டையான உல்லன் நூலில் பின்னுகிறார்கள். சீக்கிரம் முடியும், நிறமும் அள்ளும். ஆனால் அது அக்ரிலிக். அதில் முழுக்கைச் சட்டை பின்னிப் போட்டுக்கொண்டு மே மாதம் நேரு வீதியில் நடக்கும் பிள்ளைகளைப் பார்த்தால், மிஷன் வீதி திரும்புவதற்குள் மோர் வாங்கிக்கொடுக்கத் தோன்றுகிறது.

மாட்டிக்கொள்ளுதல் என்று ஒரு பெரிய அத்தியாயம் உண்டு. தாலிக்கொடி, கல் வளையல், ஹேர்பின், ஸ்கூட்டர் சாவி, பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரின் கைப்பை ஜிப் எல்லாமே குரோஷாவைக் கண்டால் கொக்கி ஊசி ஆகிவிடும். ஒரு கல்யாணத்தில் என் மகளை ஆசையாகக் கட்டிக்கொண்ட பெரியம்மா ஒருவரின் வளையல், முதுகுப்பக்கத்து மயிலின் தோகையில் சிக்கிக்கொண்டது. பெரியம்மாவுக்கும் சித்திக்கும் நெடுங்காலமாகப் பேச்சுவார்த்தை இல்லை, ஒரு வெண்கலப் பானை விவகாரம். ஆனால் அந்தச் சிக்கலை அறுக்காமல் எடுக்கத் தெரிந்த கை அந்த மண்டபத்தில் ஒன்றுதான். சித்தி வந்தார். பெரியம்மா அசையாமல் நிற்கவேண்டும், சித்தி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வேலை செய்யவேண்டும், நடுவில் என் மகள். முதல் பந்தி முடியும்வரை நின்றார்கள். எவ்வளவு நேரம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டே நிற்பது? முட்டி வலியில் ஆரம்பித்து, மருமகள்கள் வழியாக, பானைக்கே வந்துவிட்டார்கள். வளையல் விடுபட்டதும், இழுத்தது யார், இழை அறுந்தது யாரால் என்று புதிய தகராறு தொடங்கியது. இப்போது அதற்காகப் பேசுவதில்லை.

வீட்டுக்குள் குரோஷாவைப் பரப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கால்மிதியாகப் போடாதீர்கள். கலியாணமான தமிழ்ப்பெண் இருக்கும் வீட்டில் குரோஷா மிதியடி என்பது வேட்டைக்கு வைத்த கண்ணி. மெட்டியின் முனை அதில் நுழைந்தால், ஆள் சமையலறைக்குப் போக மிதியடியும் கூடவே போகும். ஜன்னல் திரை பரவாயில்லை, கடற்காற்று தடையின்றி வரும். பகலில் நாம் தெருவைப் பார்க்கலாம், தெருவால் நம்மைப் பார்க்க முடியாது. சித்தி இந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்தி முத்தியால்பேட்டை வரலாற்றைக் கரைத்துக் குடித்தார். ராத்திரி விளக்குப் போட்டதும் கணக்கு தலைகீழாக மாறும் என்பதை எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள், "நேத்து ராத்திரி உங்க வீட்ல உப்புமாவாக்கா?" என்று கேட்டபோதுதான் அறிந்தார். கொசுவும் இந்தத் திரையை வாசல் என்றே எடுத்துக்கொள்கிறது.

பிறகு விறைப்பு. பூச்சாடிக்கு அடியில் போடும் வட்ட விரிப்பு படியப் படுக்கவும், பின்னிய கிண்ணமும் கூடையும் நிமிர்ந்து நிற்கவும் கஞ்சி போடவேண்டும். கஞ்சியில் நிற்காத பெரிய வேலைப்பாட்டுக்குச் சர்க்கரைப் பாகில் தோய்த்துக் காயவைப்பது பழைய கன்னியாஸ்திரீ வைத்தியம். ஐரோப்பாவில் அது சரிப்பட்டிருக்கலாம். புதுச்சேரியில் சர்க்கரைப் பாகில் தோய்த்த பின்னலை ஷோகேஸில் வைத்தால், மறுநாள் காலை வெள்ளைக் கூடை சிவப்புக் கூடையாகி, மெல்ல நகரவும் செய்யும்.

வட்டம் பின்னும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் கண்ணியைக் கூட்டவேண்டும். குறைவாகக் கூட்டினால் கிண்ணமாகக் குவியும், அதிகமாகக் கூட்டினால் ஓரம் நெளிந்து சுருண்டு கீரைக்கட்டாகிவிடும். அப்படி ஆனதைச் சித்தி இரக்கமில்லாமல் பிரித்துவிடுவார். 1997-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாய்னா டாய்மினா என்ற கணித ஆசிரியை வேண்டுமென்றே கண்ணியைக் கூட்டிக்கொண்டே போய், அந்த நெளிசலைப் பிரிக்காமல் வகுப்புக்கு எடுத்துப் போனார். காகிதத்தில் கையாளப் பெரும்பாடு படுத்தும் ஹைப்பர்பாலிக் தளம் என்ற வடிவத்தை மாணவர்கள் கையிலேயே தொட்டுப் பார்த்தார்கள். இதைச் சித்தியிடம் சொன்னேன். "பிரிக்கச் சோம்பேறித்தனம். அதுக்குப் பேரு வெச்சுட்டாங்க" என்றார்.

ஆண்கள் குரோஷா அணியலாமா என்று இப்போது இளைஞர்கள் விவாதிக்கிறார்கள். பூப்போட்ட சட்டை, வலைப் பனியன் என்றெல்லாம் துணிந்துவிட்டார்கள். விவாதிப்பவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் முல்லா வீதிப் பக்கம் போய் நின்றால் போதும். தொழுகைக்குப் போகிறவர்கள் பலருடைய தலையில் இருக்கும் வெள்ளைத் தொப்பி என்னவாம்? பின்னல், வட்டம், கண்ணிக் கணக்குத் தப்பாத குவிவு. ஊரில் எந்தக் கடையும் ஃபேஷன் என்று அறிவிக்காத காலத்திலிருந்தே அது நடமாடுகிறது. நனைந்தும் நீளாத, மாட்டியும் கிழியாத, அளவில் அடக்கமான ஒரே குரோஷா உடுப்பு அதுதான் என்பது என் துணிபு.

விலையைப் பற்றிப் பேசாமல் போனால் சித்தி என்னைச் சும்மா விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் மகளின் தோழி ஒருத்தி துணி விரித்துப் பின்னல் பைகளும் டாப்புகளும் விற்கிறாள். வாங்க வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது மெஷின்ல போட்டதுதானே?" இல்லை. ஸ்வெட்டருக்கு மெஷின் உண்டு, லேஸுக்கு மெஷின் உண்டு. குரோஷா போலத் தோன்றும் துணியை நெய்து தள்ளவும் மெஷின் உண்டு. ஒரே ஒரு வளையத்தை ஊசியில் பிடித்துக்கொண்டு, முன்னே பின்னே எந்த ஓட்டையிலும் நுழைந்து வரும் அசல் குரோஷாவைக் கடைச் சரக்காகக் கொட்டும் மெஷின் சந்தைக்கு வரவில்லை. ஆகவே உலகத்தின் எந்த மூலையில் அசல் குரோஷாவை மலிவாகப் பார்த்தாலும், அங்கே யாரோ ஒருத்தியின் மணிக்கட்டு மலிவாகப் போயிருக்கிறது என்று பொருள். மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் நரசாப்பூர் லேஸ்காரிகளைப் பற்றி 1982-ல் ஒரு புத்தகமே எழுதினார். நாள் முழுக்கப் பின்னி வெளிநாட்டுக்கு அனுப்பிய அந்தப் பெண்களை எல்லோரும் 'வீட்டில் சும்மா இருப்பவர்கள்' என்றே கணக்கு வைத்திருந்தார்களாம். சும்மா இருப்பவர்களுக்குக் கூலி எதற்கு? வியாபாரம் பண்ணியவர்கள் மட்டும் சும்மா இருக்கவில்லை.

அப்படிச் 'சும்மா இருப்பவர்கள்' சிலர் 2016 ஜனவரியில் சென்னையில் ஒரு காரியம் செய்தார்கள். 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற பெண்கள் குழு, ஊர் ஊராகப் பின்னிய சதுரங்களை ஒன்றுசேர்த்து, 11,148.5 சதுர மீட்டர் போர்வை ஒன்றை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. நம்ம கணக்கில் 50 கிரவுண்டு. மகள் போனில் காட்டியபோது சித்தி படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். உலகச் சாதனை என்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை. "பின்பக்கம் நூல் முனையெல்லாம் மறைச்சிருக்காங்களா, அதைக் காட்டு" என்றார்.

சந்தையில் அந்தத் தோழி பையின் விலையைச் சொன்னதும், நல்ல வேலையில் இருப்பவராகத் தெரிந்த ஒரு பெண்மணி, "நூலு என்ன விலை இருக்கும்? நூறு ரூபா இருக்குமா?" என்று கணக்குப் போட ஆரம்பித்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சித்தி, ஒரு நூற்கண்டையும் கொக்கி ஊசியையும் எடுத்து அவர் கையில் வைத்தார். "நூறு ரூவாதான்மா. எடுத்துட்டுப் போ. பை ஆனதும் கொண்டாந்து காட்டு." அந்த அம்மாள் பையை வாங்கிக்கொண்டு போனார். சொன்ன விலைக்கே.

சித்திக்கு இப்போது டிவி, ரேடியோ என்று உள்ளூர் வாடிக்கை இல்லை, ஏற்றுமதிதான். எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் பிரான்சில் இருக்கிறார்கள். சர்செல், கார்ஜ், எவ்ரி என்று பாரிஸைச் சுற்றி. பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா, அந்த வழியில் போனவர்கள். வக்கான்ஸுக்கு, அதாவது விடுமுறைக்கு, ஜூலை, ஆகஸ்டில் வந்தால் பெட்டி நிறைய சாக்லேட் கொண்டுவருவார்கள், பெட்டி நிறைய வடகம் கொண்டுபோவார்கள். போன முறை பெரியப்பாவின் பேத்தி புதிதாக ஒரு ஆர்டர் வைத்தாள். அங்கே கல்யாணம், வளைகாப்பு என்றால் மல்லிகைப்பூ கிடைப்பது பாடாம். கிடைத்தாலும் விலை கேட்டால் மயக்கம் வருமாம். குரோஷாவில் மல்லிச் சரம் பின்னித் தரமுடியுமா, வாடாது, விமானத்தில் எடையும் ஏறாது என்றாள். வெள்ளை நூலில் மொட்டு, நடுநடுவே பச்சையில் காம்பு, முழம் கணக்கு. சித்தி மாதிரிக்கு ஒரு முழம் பின்னிக் கொண்டையில் வைத்துக் காட்டினார். அருகில் வந்து பார்த்தால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோருக்கும் பரம திருப்தி. பத்து முழத்துக்கு விலையும் பேசி முடித்தாயிற்று.

என் வீட்டுக்காரர்தான் ஒரு சந்தேகம் கிளப்பினார். "எல்லாம் சரிங்க சின்னத்தே. வாசனை?"

சித்தி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதுக்கு நான் என்ன பண்றது? செண்டு எல்லாம் அந்த ஊர்லதானே பண்றான்."